இருபத்து மூன்றாம் எண் மூக்கு

ஒரு பன்றி அத்திபெலே எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் உடல்நலச் சான்று வேண்டும், தடுப்பூசிச் சான்று வேண்டும், அது ஏறிய வண்டியைக் கழுவியதற்கும் ஒரு சான்று வேண்டும். எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. வேலூரில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரியில் வடை தின்று, ஓசூரில் இரண்டு முறை தும்மி, கர்நாடகத்துக்குள் கம்பீரமாக நுழைந்தேன். முப்பத்து நான்கு வருடம் அரசுக் கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே பட்டது. சந்தேகம் என்பது விலங்குகளின் மேல் இருக்க வேண்டியது.

வந்த காரியம் ஸ்டெல்லாவின் பன்றிகள். ஸ்டெல்லா என் கல்லூரி அறைத்தோழன் அந்தோணியின் மகள். வீடு பெங்களூரு கன்டோன்மென்ட் பக்கம், மாதா கோயிலுக்குப் பின்தெரு. அந்தோணி தொடங்கிய பண்ணை, அத்திபெலேயில் இருந்து ஆனேக்கல் போகிற வழியில். அந்தோணி போன பிறகு கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுப் பன்றி வளர்க்க வந்தாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "மீட்டிங் குறைவு அங்கிள்" என்றாள்.

விஷயம் இதுதான். கிறிஸ்துமஸுக்கு அவளிடம் பன்றி எடுக்கும் சாசேஜ் கம்பெனி, நவம்பரில் வழக்கமான சோதனைக்காகச் சில பன்றிகளின் மூக்குச் சளியை எடுத்துப் போனது. நான்காம் கொட்டிலில் மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி இருந்தது. பன்றிக்கு அதனால் ஒரு கஷ்டமும் கிடையாது. அது பாட்டுக்கு மூக்கில் குடியிருக்கும். மனிதர்களுக்குத் தொற்றினால் சில சமயம் புண் ஆறாது, காய்ச்சல் இறங்காது. ஆனால் இந்தக் கிருமி மனித மூக்கிலும் சாவகாசமாக வாழக்கூடியது. பன்றிகளிடையே வம்சம் வம்சமாக வந்த வகை வேறு, மனிதர்களிடையே வந்த வகை வேறு. நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுதான். மரபணுவைப் படித்தால்தான் எது எந்தக் குடும்பம் என்று தெரியும்.

கம்பெனி அதைத்தான் கேட்டது. பன்றி வகை என்றால் கொட்டிலுக்குச் சிகிச்சை, மறுசோதனை, அவ்வளவுதான். மனித வகை என்றால் அவர்களுடைய சுற்றறிக்கையின் பதினான்காம் விதி: "தொற்றைக் கொண்டுவந்தவர் எனக் கண்டறியப்படும் நபர் பண்ணை வளாகத்துக்குள் நிரந்தரமாக அனுமதிக்கப்படலாகாது."

படித்ததும் எனக்குப் பெற்ற தகப்பனின் பூரிப்பு. வார்த்தைக்கு வார்த்தை என்னுடைய ஆங்கிலம். பல வருடங்களுக்கு முன் ஒரு கமிட்டியில் நான் எழுதியது. தலைவர் இன்னும் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும் என்றார். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. "நிரந்தரமாக" என்று சேர்த்தேன். எல்லோரும் எழுந்து சாப்பிடப் போனோம். கம்பெனி எங்கிருந்தோ அதை எடுத்து, தன் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தது.

அந்த "நபர்" யார் என்று எல்லோரும் முன்பே முடிவு செய்திருந்தார்கள். முனிரத்னம்மா. இருபது வருடமாகப் பண்ணையில் இருப்பவள். குட்டி ஈனும் பன்றிக்குப் பிரசவம் பார்ப்பதில் இருந்து கொட்டில் கழுவுவது வரை அவள்தான். கொட்டிலை ஒட்டிய இரண்டு அறைதான் அவள் வீடு. செப்டம்பரில் அவள் மணிக்கட்டில் ஒரு கட்டி வந்து, உடைந்து, மெதுவாக ஆறியிருந்தது. கம்பெனியின் குவாலிட்டி மேனேஜர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

"புண்ணு இருந்தா கிருமி, கிருமி இருந்தா நான். அவ்வளவுதானே டாக்டரே?" என்றாள் அவள்.

"விஞ்ஞானம் யாரையும் கைகாட்டாது, முனிரத்னம்மா. இருப்பதைப் படிக்கும்."

"படிச்சு முடிச்சதும் மூட்டை கட்டறது நான்தானே. ஓசூர்ல பையனுக்கு ஒரே ரூமு. மருமக, ரெண்டு குழந்தை. நான் எங்க படுக்கறது, அவங்க ஸ்கூட்டர் மேலயா?"

நான் பஞ்சுக்குச்சிகளை எண்ணத் தொடங்கினேன்.

முதல் நாள் முழுக்கச் சளி சேகரிப்பு. இந்தப் பண்ணைக்கு நான் புதியவன் அல்ல. ஆகஸ்டில் ஆலோசனை சொல்ல வந்திருந்தபோது ஒரு தாய்ப்பன்றி ஈன்றது. ஒரு குட்டி மூச்சில்லாமல் விழுந்தது. ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். நான் குட்டியின் முகத்தைத் துடைத்து, வாயை விரலால் மூடி, அதன் மூக்கில் என் வாயை வைத்து மூன்று முறை ஊதினேன். வீல் என்று கத்தியது. பணியில் இருந்தபோது இப்படிச் செய்யக்கூடாது என்று ஐந்து மாவட்டங்களில் வகுப்பு எடுத்திருக்கிறேன். ஆனால் செய்து காட்டும்போது இருக்கிற சந்தோஷம் தடுப்பதில் இல்லை. முனிரத்னம்மா அந்தக் குட்டிக்கு "டாக்டர்" என்று பெயர் வைத்தாள். இப்போது நான்காம் கொட்டிலில் கொழுத்து, யாரைப் பார்த்தாலும் சிடுசிடுக்கிறது. பெயர்ப்பொருத்தம் பற்றி ஸ்டெல்லா ஏதோ சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை.

பன்றியின் மூக்கில் பஞ்சுக்குச்சியை விடுவதற்கு மேல்தாடையில் கயிற்றுச் சுருக்கைப் போட்டு நிறுத்த வேண்டும். சுருக்கு விழுந்த நொடியில் அது போடும் கூச்சல் ஆனேக்கல் வரை கேட்கும். இருபத்திரண்டு பன்றி, இருபத்திரண்டு கூச்சல். டாக்டர் பதினோராம் எண். என் சட்டைப் பொத்தானைத் தின்றது.

பிறகு மனிதர்கள்.

"மூக்கைக் காட்டுங்க, முனிரத்னம்மா."

"காட்டறேன். உங்களது யார் எடுப்பாங்க?"

"என்னுது எதுக்கு? நான் எடுக்க வந்தவன்."

"ஆறு மாசத்துல பண்ணைக்குள்ள வந்த எல்லாரும்னு காயிதத்துல இருக்குதுன்னு ஸ்டெல்லாம்மா படிச்சுது. ஆகஸ்டுல வந்தீங்கல்ல?"

"அது ஆலோசனைக்கு."

"ஆலோசனைக்கு வர்றவங்க மூக்கைக் கழட்டி கேட்ல வெச்சிட்டா வருவாங்க?"

ஸ்டெல்லா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது.

விதி எட்டு. அதையும் நான்தான் எழுதியிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்தேன். முனிரத்னம்மா கையுறை மாட்டினாள், பஞ்சுக்குச்சியின் உறையை முகத்துக்கு எட்டப் பிடித்துப் பிரித்தாள், ஒவ்வொரு துவாரத்திலும் ஐந்து சுற்று சுற்றினாள். ஆகஸ்டில் நான் கற்றுக்கொடுத்ததில் இம்மி பிசகவில்லை. என் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஆடாதீங்க. பன்னிங்களே இவ்வளவு ஆட்டம் போடல" என்றாள்.

எனக்கு இருபத்து மூன்றாம் எண். அவளுக்கு இருபத்து நான்கு. ஸ்டெல்லாவுக்கு இருபத்தைந்து.

இரண்டாம் நாள் பொம்மசந்திராவில் இருக்கும் தனியார் ஆய்வுக்கூடம். வெளியில் தோட்டம், உள்ளே கண்ணாடி, முகப்பில் ஒரு மீன்தொட்டி. எங்கள் காலத்து ஆய்வுக்கூடத்தில் மீன் இருந்தால் அது பரிசோதனைக்கு வந்ததாக இருக்கும். கவுண்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, கன்னடத்தில் சொன்னான்.

"சார், விலங்கின் பெயர் வேண்டும். பட்டியலில் பன்றி இல்லை."

"என்ன இருக்கிறது?"

"பசு, எருமை, ஆடு, கோழி, நாய், பூனை. எருமை என்று போடட்டுமா? கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள்."

"எருமை என்று போட்டால் ரிப்போர்ட்டும் எருமை என்று வருமே."

"வரும். ஆனால் கிருமி அதேதான், சார்."

அவன் சொன்னதில் தத்துவரீதியாகத் தவறு இல்லை. ஆனாலும் மறுத்தேன். தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டு அனுமதி வாங்க வேண்டும், நாளைக்கு வாருங்கள் என்றான். அதுவரை குழாய்கள் இருந்த ஐஸ் பெட்டியை வைத்துக்கொள்ள முடியுமா என்றேன். எண் போடாத பொருளை உள்ளே வைக்க விதி இல்லையாம். அது நல்ல விதி. எனக்குக் கோபம் வந்தது.

ஐஸ் பெட்டியோடு மெட்ரோவில் மல்லேஸ்வரம் கிளம்பினேன். தங்கியிருந்தது என் மனைவியின் தம்பி விஸ்வநாதன் வீட்டில். பொம்மசந்திரா ஸ்டேஷனில் எக்ஸ்ரே திரையில் இருபத்தைந்து குழாய்களைப் பார்த்த காவலர் என்னை ஓரமாக நிற்க வைத்தார். மேலதிகாரி வந்தார்.

"என்ன இது?"

"மூக்குச் சளி."

"யாருடையது?"

"இருபத்திரண்டு பன்றி, மூன்று மனிதர்."

அவர் ஒரு லாமினேட் செய்த பட்டியலை எடுத்து விரலை ஓட்டினார். பெட்ரோல், பட்டாசு, பச்சை மாமிசம், செல்லப்பிராணி.

"மாமிசமா?"

"இல்லை."

"செல்லப்பிராணியா?"

"அதன் பெயர் டாக்டர். ஆனால் அது இதில் இல்லை."

பட்டியலை மறுபடி மேலிருந்து படித்தார். கடைசியில், "சளி பிடித்தவர்கள் தினமும்தான் போகிறார்கள்" என்று சொல்லி விட்டுவிட்டார். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த அபாயச் சின்னத்தைப் பார்த்ததும் என் இரு பக்கமும் இருக்கை காலியானது. மாலை ஆறு மணிக்குப் பெங்களூரு மெட்ரோவில் கை காலை நீட்டி உட்கார்ந்து போன ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

விஸ்வநாதன் வீடு சுத்த சைவம். மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரம். அவன் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன், எதையும் இருவர் கையெழுத்து இல்லாமல் செய்யமாட்டான்.

"மாமா, பெட்டில என்ன?"

சொன்னேன். நாலு டிகிரியில் வைக்க வேண்டும் என்பதையும் சொன்னேன்.

"நம்ம ஃப்ரிட்ஜ்லயா? பன்னியையா?"

"பன்றி இல்லைப்பா. அதோட சளி."

"அது இன்னும் மோசம் இல்லையா மாமா?"

உள்ளே போய் மனைவியோடு பேசிவிட்டு வந்தான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியிருந்தது. இட்லி மாவு, பால், தயிர், கொத்தமல்லி, பூஜைக்கு வாங்கிய மல்லிகைப்பூ, ஒரு பாதி எலுமிச்சை உட்பட அனைத்தும் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் குடிபெயர்ந்தன. காலியான ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் என் பெட்டி மூலவர் மாதிரி உட்கார்ந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு அவரைக்காய்ப் பொரியல், மிளகு ரசம். நான் தும்மினேன். விஸ்வநாதன் ஃப்ரிட்ஜைத்தான் பார்த்தான்.

மறுநாள் காலை அனுமதி வந்துவிட்டது. பன்றியைப் பட்டியலில் சேர்க்க மூன்று மாதம் ஆகும், அதுவரை இருபத்தைந்தையும் "மற்றவை" என்று பதிவு செய்யலாம். மனிதர்களையும் சேர்த்தா என்று கேட்டேன். மனிதர் என்ற வகை இன்னொரு கிளையின் மென்பொருளில்தான் உண்டாம். இப்படியாக நான் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி என்ற நிலையில் இருந்து "மற்றவை" ஆனேன்.

முடிவு வர ஒரு வாரம். மல்லேஸ்வரத்தில் ஒரு வாரம் சும்மா இருப்பது கஷ்டமான காரியம் அல்ல. காலையில் வெண்ணெய் தோசைக்கு நின்றுகொண்டே காத்திருக்கிறார்கள், நின்றுகொண்டே தின்கிறார்கள். வேலூரில் தோசைக்காக நின்றால் கடையில் ஏதோ சண்டை என்று கூட்டம் கூடிவிடும். காப்பி அரை டம்ளர்தான் தருகிறார்கள், ஆனால் அது முழு டம்ளருக்கான காரியத்தைச் செய்கிறது. டிசம்பர் வெயிலில் ஸ்வெட்டர் போட்ட மனிதர்களைப் பார்த்துக்கொண்டே தினமும் எட்டாவது குறுக்குத்தெருவில் நடந்தேன். தினமும் மாலை முனிரத்னம்மா போன் செய்தாள்.

"வந்துதா?"

"இல்லை."

"பாத்திரத்தைக் கட்டிட்டேன். கட்டிலைக் கழட்டணும். முடிவு வந்தா ஒடனே சொல்லிடுங்க, ஆள் பிடிக்கணும்."

"முடிவு தெரியாம ஏன் கட்டறீங்க?"

"தெரிஞ்சப்புறம் கட்டினா அழுகை வரும் டாக்டரே. இப்பன்னா வேலைதானே."

அன்று எனக்கு இரண்டாவது காப்பி இறங்கவில்லை. எனக்கும் அவள்தான் என்று ஏறக்குறைய நிச்சயமாக இருந்தது. சாப்பாட்டு அவசரத்தில் சேர்த்த அந்த ஒரு வார்த்தையை எப்படி உருவலாம் என்று நடந்துகொண்டே யோசித்தேன். ஒரு ஓட்டையும் இல்லை. நன்றாக எழுதியிருந்தேன்.

பத்தாம் நாள் ஆய்வுக்கூடத்தில் இருந்து கூப்பிட்டார்கள். விஞ்ஞானியின் பெயர் அஸ்வினி. முப்பது வயதிருக்கும், கன்னடத்துக்காரர், பொறுமைசாலி. திரையில் ஒரு மரத்தைக் காட்டினார். கிருமிகளின் குடும்ப மரம். ஆங்கிலமும் கன்னடமும் கலந்து அவர் சொன்னது இது.

"ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. நான்கிலும் ஒரே கிருமி. பன்றி வகை இல்லை. ஆஸ்பத்திரிகளில் பார்க்கிற மனித வகை."

முனிரத்னம்மாவின் எண்ணைக் கேட்டேன். "இருபத்து நான்கு?"

"ஒன்றும் இல்லை. சுத்தம். இருபத்தைந்தும் சுத்தம்."

முனிரத்னம்மாவின் கட்டி வெறும் கட்டி. நாற்காலியில் சாய்ந்தேன். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன்.

"ஆனால் இருபத்து மூன்றில் இருக்கிறது" என்றார் அஸ்வினி. "அதுவும் பதினொன்றில் இருப்பதும் கிட்டத்தட்ட இரட்டைப் பிறவி. எது முதலில் என்று மரத்தை மட்டும் வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்துப் பழகியிருக்க வேண்டும். இந்த இருபத்து மூன்று என்ன விலங்கு, சார்? 'மற்றவை' என்றுதான் போட்டிருக்கிறது."

பதினொன்று டாக்டர், இருபத்து மூன்று நான். இருபத்து மூன்று ஒரு கிடாப்பன்றி, போன வாரம் விற்றுவிட்டோம் என்று சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். படிவத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை. படிவத்தை எனக்காகவே செய்துவைத்த மாதிரி இருந்தது. ஆனால் கிடாப்பன்றி தானாக மனிதக் கிருமியை வரவழைக்காது. அடுத்த கேள்வி, அந்தக் கிடாவைப் பார்த்துக்கொண்டது யார் என்பதாக இருக்கும். பாத்திரத்தைக் கட்டி வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

"வயதான ஆண்" என்றேன்.

"எந்த இனம்?"

"வேலூர்."

குறித்துக்கொள்ளப் போனவர் பேனாவை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். சன்னமாக, "சமீபத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தீர்களா, சார்?" என்று கேட்டார்.

ஜூனில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். ஆறு நாள் ஆஸ்பத்திரி. ஆகஸ்டில் மூன்று ஊதல். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். தண்ணீர் குடிக்கிறேன் என்று வெளியே போனார், திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது.

ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். "அங்கிள்!" என்று மட்டும் சொல்லிவிட்டு முனிரத்னம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அவள் முழுவதும் கேட்டாள்.

"அப்ப என் மூட்டையைப் பிரிக்கலாமா?"

"பிரிங்க."

"உங்களுது கட்டிக்கோங்க" என்றாள். வைக்குமுன் அந்தப் பக்கம் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

குவாலிட்டி மேனேஜர் மிகப் பணிவாகப் பேசினார். மூக்கில் ஐந்து நாள் களிம்பு தடவினால் கிருமி போய்விடுமே என்றேன். அது மருத்துவம், சார், இது விதி என்றார். "நிரந்தரமாக" என்ற சொல்லுக்கு வேறு பொருள் கொள்ள வழி இருக்கிறதா, நீங்கள் அனுபவஸ்தர் ஆயிற்றே என்று அவரே கேட்டார். எழுதியவர் அப்படி எதுவும் யோசித்ததாகத் தெரியவில்லை என்றேன். அடுத்த திருத்தத்தில் அந்த வார்த்தையை எடுத்துவிட்டுச் சிகிச்சை என்று சேர்க்கும்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அப்படி எத்தனை பதில் நானே அனுப்பியிருக்கிறேன்.

நான்காம் கொட்டிலை மட்டும் நிறுத்திவைத்து மற்றவற்றைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஆக, டாக்டருக்கு இந்தக் கிறிஸ்துமஸ் தப்பியது. ஒரே பன்றியை இரண்டு முறை காப்பாற்றியவன் நான். இரண்டாவது முறைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

விஸ்வநாதன் செய்தியைக் கேட்டு, சாப்பாட்டு மேஜையையும் என் டம்ளரையும் பிறகு என் மூக்கையும் பார்த்தான். "மாமா, ஃப்ரிட்ஜை மூணு தடவை மஞ்சத்தண்ணி விட்டுத் தொடைச்சோம்" என்றான்.

ஊர் திரும்பும் வழியில் பண்ணையில் இறங்கினேன். கேட்டில் புதிதாக ஒரு பலகை. தீவன லாரி அனுமதி, கம்பெனி வண்டி அனுமதி. கீழே, அனுமதி இல்லை என்பதற்கு நேராக என் போட்டோ, லாமினேட் செய்து. ஓய்வூதிய அட்டையில் இருக்கும் போட்டோ. ஆகஸ்டில் பதிவேட்டுக்காக நானே கொடுத்த நகல். பண்ணை நாய் என் காலைச் சுற்றிவிட்டு, கேட்டின் சந்தில் நுழைந்து உள்ளே போனது. அதை யாரும் தடுக்கவில்லை.

ஸ்டெல்லா கேக் விஷயமாக ஊருக்குள் போயிருந்தாள். முனிரத்னம்மா கையுறையோடு வந்து, கேட்டுக்கு மேலாக ஒரு தூக்குவாளியை நீட்டினாள். பன்றிக்கறி விந்தாலுக் குழம்பு, ஒரு பொட்டலம் கல்கல் என்ற கிறிஸ்துமஸ் பலகாரம்.

"ஸ்டெல்லாம்மா குடுத்துச்சு. மூக்குக்கு மருந்து போட்டீங்களா?"

"மூணு நாள் ஆச்சு."

"அஞ்சு நாள் போடணும். நடுவுல விடக்கூடாது. நீங்கதான சொன்னீங்க?" மணிக்கட்டில் வடு வெள்ளையாக இருந்தது. பதிவேட்டையும் கேட்டுக்கு வெளியே நீட்டினாள். பெயர் எழுதினேன். "உள்ளே சென்ற நேரம்" என்ற கட்டத்தில் ஒரு கோடு போடச் சொன்னாள். போட்டேன்.

"அவன் எப்படி இருக்கான்?"

"யாரு, டாக்டரா? நல்லாத் திங்கறான். காலைல ரெண்டு தடவ தும்மினான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் வீட்டு வாசலில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

அத்திபெலே சோதனைச் சாவடியில் ஒரு பன்றி லாரியை ஓரம் கட்டியிருந்தார்கள். டிரைவர் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் டார்ச் அடித்து ஒவ்வொரு பன்றியின் காதையும் எண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பஸ்ஸை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூக்கு அரித்தது. தூக்குவாளியைத் தொடையிடுக்கில் பிடித்துக்கொண்டு, கைக்குட்டையை எடுத்து மடித்து மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஓசூர் வரும்வரை கையை எடுக்கவில்லை.